தெய்வ சாட்சியின் யோக்கியதை
கிரேக்கர் சண்டைகளும் சமாதானங்களும் சொல்லும் பாடம்

தெய்வத்தினிடம் பயம் இல்லாவிட்டால் மனிதன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாட்டான் என்றும், அந்தப் பயம் எடுபட்டுவிட்டால் உலகத்தில் பலமுள்ளவன் பலமில்லாதவனை விழுங்கிவிடுவான் என்றும் ஒரு கூட்டத்தார் ஓயாமல் சொல்லிக்கொண்டு வருகின்றார்கள். இப்படிச் சொல்லுகின்றவர்கள் எழுத்தறியாத பாமரர்கள் மாத்திரமல்ல; பெரிய பட்டங்கள் பெற்றவர்களும் இதையேதான் கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில் சொல்லுகின்றார்கள். இவர்களோடு கதைக்குக் கதை சொல்லி வாதாடுவதில் பிரயோஜனமில்லை. நடந்த காரியத்தை எடுத்து முன்னால் வைத்து, "ஐயா, இதற்கு என்ன பதில்?" என்று கேட்பதே சரியான வழியாகும்.

நடந்த காரியத்துக்குப் பழைய கிரேக்க தேசத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஏனெனில் ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, தீப்ஸ், கொரிந்து, ஆர்கோஸ் என்று நூற்றுக்கணக்கான பட்டணங்கள் அங்கே தனித்தனி அரசாக இருந்தன. அவர்கள் பேசின பாஷை ஒன்று. கும்பிட்ட தெய்வங்களும் ஒன்றே. டெல்பியிலிருந்த அப்பாலோ கோவிலில் குறி கேட்காமல் யாரும் பெரிய காரியம் தொடங்கமாட்டார்கள். பலி கொடுத்து ஈரலைப் பார்க்காமல் படை நகராது. தெய்வங்களைச் சாட்சி வைக்காமல் ஒரு உடன்படிக்கையும் எழுதப்பட்டதில்லை. ஆகவே, தெய்வபயம் மனிதனை யோக்கியனாக்கும் என்பது உண்மையானால், உலகத்திலேயே சண்டை சச்சரவில்லாத தேசமாகக் கிரேக்க தேசமல்லவா இருந்திருக்க வேண்டும்? இருந்ததா என்று பார்ப்போம்.

சத்தியத்தின் ஆயுசு

கி. மு. 446-45ல் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் தெய்வ சாட்சியாக 30 வருஷச் சமாதானம் செய்துகொண்டன. அது 15 வருஷங்கூட நிற்கவில்லை. கி. மு. 431ல் பெலொப்பொனீசிய யுத்தம் என்கிற பெரிய யுத்தம் மூண்டது. பிறகு கி. மு. 421ல் நிகியாஸ் சமாதானம் என்று ஒன்று செய்தார்கள். முன்னே 30 வருஷம் போதவில்லையென்றோ என்னவோ, இந்தத் தடவை 50 வருஷம் என்று எழுதி, வருஷா வருஷம் சத்தியத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். ஏழு வருஷங்கூட முழுசாக முடியவில்லை. மறுபடியும் ஒருவர் நாட்டில் ஒருவர் புகுந்துவிட்டார்கள். அந்த ஏழு வருஷமும் சமாதானம் என்பது பேரளவில்தான். இதுதான் தெய்வம் காவல் காத்த சத்தியத்தின் ஆயுசு!

கி. மு. 432ல் யுத்தம் செய்யலாமா என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் டெல்பியில் கேட்டார்கள். முழுப் பலத்தோடு சண்டை செய்தால் வெற்றி உங்களுக்கே என்றும், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் நான் உங்கள் பக்கம் இருப்பேன் என்றும் சாமி சொல்லிற்றாம். முப்பது வருஷச் சத்தியத்துக்குச் சாட்சியாக இருந்த கூட்டத்தைச் சேர்ந்த சாமி, தவணை பாதி முடிகிற சமயத்தில் ஒரு கட்சிக்கு வக்காலத்து வாங்கிற்று. நியாய ஸ்தலத்தில் ஒரு மனிதன் இப்படிச் செய்தால் அவனுக்கு என்ன பெயர் கொடுப்போம்?

பிறகு தூதர்கள் போனார்கள். என்ன பேசினார்கள்? "பல தலைமுறைகளுக்கு முன் உங்கள் ஊரில் தெய்வ சந்நிதியில் அடைக்கலம் புகுந்தவர்களைக் கொன்ற குடும்பத்தின் தோஷம் இருக்கிறது, அதை வெளியே துரத்துங்கள்" என்று ஸ்பார்ட்டா கேட்டது. அந்தக் குடும்பத்தில் தாய் வழியாகப் பிறந்தவன்தான் ஏதென்ஸின் தலைவனான பெரிக்கிளீஸ். அவனைத் துரத்துவதற்கு வேறு வழியில்லாததால் தோஷம் தேவைப்பட்டது. ஏதென்ஸ் சும்மா இருக்குமா? "நீங்கள் டைனாரஸில் பொசைடன் கோவிலில் தஞ்சம் புகுந்த ஹெலாட்டுகளை வெளியே இழுத்துக் கொன்றீர்களே, அந்தத் தோஷத்தைக் கழியுங்கள். உங்கள் தளபதி பாசேனியாஸை அம்மன் கோவிலில் அடைத்துப் பட்டினியால் சாகவிட்டீர்களே, அதையும் கழியுங்கள்" என்று திருப்பிக் கேட்டது. பெரிய இரண்டு ராஜ்யங்கள் லட்சக்கணக்கான ஜனங்களின் உயிரைப் பணயமாக வைத்துக்கொண்டு பேசின ராஜதந்திரம் இது! இதில் ஒரு உண்மை மாத்திரம் வெளிவந்தது. கோவிலுக்குள் புகுந்தவனைக்கூடக் கொல்லுவதற்கு இரண்டு ஊர் பக்திமான்களும் பின்வாங்கவில்லை என்பதே அது.

பஞ்சாங்கம் செய்த உபகாரம்

கி. மு. 490ல் பாரசீகர்கள் மாரத்தானில் வந்து இறங்கினபோது, உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஒரு ஆள் ஸ்பார்ட்டாவுக்கு ஓடினான். "வருகிறோம், ஆனால் பௌர்ணமி ஆகவேண்டும், அதற்கு முன் புறப்படுவது எங்கள் ஆசாரத்துக்கு விரோதம்" என்று பதில் வந்தது. ஏதென்ஸ்காரர்கள் பிளாட்டேயா என்ற சிற்றூரின் துணையை மாத்திரம் வைத்துக்கொண்டு சண்டை செய்து ஜெயித்தார்கள். பௌர்ணமி கழிந்து 2,000 ஸ்பார்ட்டா வீரர்கள் வந்து, செத்துக் கிடந்த பாரசீகர்களைப் பார்த்து, "நன்றாகச் செய்தீர்கள்" என்று புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஆசாரம் அவ்வளவு உறுதியானது என்று யாராவது நினைப்பதானால், ஆர்கோஸ்காரர்கள் செய்ததையும் கேட்கட்டும். கார்னியா என்பது சண்டை செய்யக்கூடாத புண்ணிய மாதம். கி. மு. 419ல் ஆர்கோஸ்காரர்கள் எப்பிடாரஸ் மேல் படையெடுக்க ஆசைப்பட்டார்கள்; சாமிக்குச் செலுத்தவேண்டிய பலியை அந்த ஊர் செலுத்தவில்லை என்பது அதற்குச் சாக்கு. புண்ணிய மாதம் பிறக்க மூன்று நான்கு நாளே பாக்கி. என்ன செய்தார்கள் தெரியுமா? புறப்பட்ட தேதியையே தினந்தோறும் தேதி என்று வைத்துக்கொண்டார்கள்! கொள்ளையடித்து முடிகிற வரையில் மாதம் பிறக்கவேயில்லை. எப்பிடாரஸின் கூட்டாளிகளில் சிலரோ, "எங்களுக்குப் புண்ணிய மாதம் வந்துவிட்டது, வரமுடியாது" என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். அடிக்கிறவனுக்கும் பஞ்சாங்கம் உதவிற்று. பயந்து ஒளிகிறவனுக்கும் உதவிற்று. அடிபட்டவனுக்கு மாத்திரம் உதவவில்லை.

கி. மு. 388 வாக்கில் ஸ்பார்ட்டா ராஜா அஜெசிபோலிஸ் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் செய்தான். ஆர்கோஸ்காரர்கள் படை வரும்போதெல்லாம் "இது புண்ணிய காலம்" என்று சொல்லித் தப்பித்து வந்தார்கள். அவன் முதலில் ஒலிம்பியாவுக்குப் போய், "இந்தப் பொய்யான புண்ணிய காலத்தை நான் மதிக்க வேண்டுமா?" என்று சீயஸ் தெய்வத்தைக் கேட்டு, வேண்டாம் என்று வாங்கிக்கொண்டான். பிறகு டெல்பிக்குப் போய் அப்பாலோவினிடம், "உன் தகப்பனார் சொன்னதுதானே உன் அபிப்பிராயமும்?" என்று கேட்டான். தகப்பனாரை எதிர்த்துப் பிள்ளை பேசுமா? அனுமதி கிடைத்துவிட்டது. படை ஆர்கோஸ் எல்லைக்குள் புகுந்ததும் பூமி அதிர்ந்தது. வீரர்கள் திரும்பிவிடலாம் என்றார்கள். "நுழைவதற்கு முன் அதிர்ந்திருந்தால் வேண்டாம் என்று அர்த்தம், நுழைந்த பிறகு அதிர்ந்ததால் போ என்று அர்த்தம்" என்றான் ராஜா. பூமி ஒன்றுதான் அதிர்ந்தது. அர்த்தம் வேண்டியபடி வந்தது.

குறியின் விலை

இவ்வளவு மகிமையுள்ள டெல்பி வாக்கு எப்படி உண்டாயிற்று என்று கிரேக்கர்களே எழுதி வைத்திருக்கின்றார்கள். ஸ்பார்ட்டாவில் எப்போதும் இரண்டு ராஜாக்கள். அவர்களில் கிளியோமினிஸ் என்பவன் கி. மு. 491 வாக்கில் தன்னோடு ராஜாவாயிருந்த டெமராட்டஸைத் தள்ள ஆசைப்பட்டு, டெல்பியில் செல்வாக்குள்ள ஒருவனைக் கையில் போட்டுக்கொண்டு, சந்நதம் சொல்லுகிற பெண்ணைக்கொண்டு, "டெமராட்டஸ் முன் ராஜாவுக்குப் பிறந்தவன் அல்ல" என்று சொல்லவைத்தான் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகின்றார். ராஜா பதவி இழந்தான். பின்னால் புரட்டு வெளியாகி அந்தப் பெண்ணின் உத்தியோகமும் போயிற்று. ஆனால் டெமராட்டஸ் அதற்குள் பாரசீக ராஜாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டான்; கி. மு. 480ல் கிரேக்க தேசத்தின்மேல் படையெடுத்து வந்த செர்க்சிஸுக்குப் பக்கத்தில் ஆலோசனைக்காரனாக வந்தான். விலைக்கு வாங்கின ஒரு குறி ஒரு ராஜாவை விரோதியின் கூடாரத்துக்கு அனுப்பிற்று.

அதே கி. மு. 480ல் ஏதென்ஸுக்கு டெல்பி முதலில் கொடுத்த புத்தி, ஊரை விட்டு ஓடுங்கள் என்பது. மறுபடியும் கெஞ்சினதன்மேல், மரச்சுவர் காக்கும் என்றது. தெமிஸ்டோக்ளிஸ் என்ற புத்திசாலி, மரச்சுவர் என்றால் கப்பல் என்று வியாக்கியானம் சொல்லி ஜனங்களைக் கப்பலேற்றிச் சாலமிஸில் ஜெயித்தான். சாமி சொன்னதைச் சொன்னபடி நம்பினவர்கள் கோட்டைக் குன்றின்மேல் பலகைகளை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள். பாரசீகர் நெருப்பம்பு விட்டுப் பலகையைக் கொளுத்தி, உள்ளே புகுந்து அவர்களைக் கொன்றார்கள். பிழைத்தவர்களைப் பிழைக்கவைத்தது தெமிஸ்டோக்ளிஸின் மூளையும், முன்னமேயே வெள்ளிச் சுரங்கப் பணத்தைக்கொண்டு அவன் கட்டவைத்த கப்பல்களுமேயாகும். பெயர் மாத்திரம் அப்பாலோவுக்கு!

பிளாட்டேயாவும் ஹெலாட்டுகளும்

மாரத்தானில் துணை நின்ற பிளாட்டேயாவின் கதியைப் பாருங்கள். கி. மு. 479ல் அந்த ஊர் மண்ணில்தான் பாரசீகர் கடைசியாகத் தோற்றார்கள். அப்போது ஸ்பார்ட்டாவின் பாசேனியாஸ் சந்தைவெளியில் பலியிட்டு, இனி இந்த ஊரை யாரும் அநியாயமாகத் தொடக்கூடாது என்று கூட்டாளிகள் எல்லோரையும் சாட்சி வைத்து உறுதி கொடுத்தான். ஐம்பது வருஷம் கழித்து கி. மு. 429ல் அதே ஸ்பார்ட்டாவின் ராஜா ஆர்கிடாமஸ், அந்த மண்ணின் தெய்வங்களையும் வீரர்களையும் கூப்பிட்டு "குற்றம் எங்களுடையதல்ல" என்று சொல்லிவிட்டு, அதே ஊரை முற்றுகை போட்டான். இரண்டு வருஷம் பொறுத்து, சாப்பாடில்லாமல் ஊர் சரணடைந்தது. ஐந்து நீதிபதிகள் வந்து ஒவ்வொருவனையும், "இந்த யுத்தத்தில் ஸ்பார்ட்டாவுக்கு நீ என்ன நன்மை செய்தாய்?" என்று ஒரே கேள்வி கேட்டார்கள். 200க்குக் குறையாத பிளாட்டேயாக்காரரும் 25 ஏதென்ஸ்காரரும் கொல்லப்பட்டார்கள். பெண்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பிற்பாடு ஊரை இடித்து, அந்தச் சாமான்களைக்கொண்டு ஹேரா அம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரம் கட்டி, அம்மனுக்கு 100 அடியில் ஒரு புதுக் கோவிலும் கட்டிக் கொடுத்தார்கள். சத்தியத்தை முறித்தவனை அம்மன் என்ன செய்தாள்? கோவிலை வாங்கிக்கொண்டாள்!

இதுவாவது அன்னிய ஊர். ஸ்பார்ட்டா தன் சொந்த நிலத்தை உழுத ஹெலாட்டுகளுக்குச் செய்தது இதைவிடக் கொடுமை. வருஷந்தோறும் பதவிக்கு வருகிற எபோர்கள் என்ற அதிகாரிகள், ஹெலாட்டுகள்மேல் சட்டப்படி யுத்தம் அறிவிப்பார்கள் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதுகின்றார். எதற்காக? கொன்றால் தோஷம் ஒட்டாமலிருப்பதற்காக! தனக்குச் சோறு போடுகிறவனைக் கொல்லுவது பாவமாகக் கூடாது என்று வருஷத்துக்கு ஒரு தடவை பாவத்துக்குப் பரிகாரம் முன்கூட்டியே செய்துகொண்டார்கள். மேலும், யுத்தத்தில் யார் மிகவும் வீரமாக உழைத்தீர்களோ அவர்களை விடுதலை செய்கிறோம் என்று சொல்லி ஒரு தடவை 2,000 ஹெலாட்டுகளைப் பொறுக்கினார்கள். அவர்கள் தலையில் மாலை சூட்டிக்கொண்டு கோவில் கோவிலாகச் சுற்றி வந்தார்கள். கொஞ்ச காலத்தில் அந்த 2,000 பேரும் காணாமல் போனார்கள். எப்படிச் செத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது என்று தூசிடிடீஸ் எழுதுகின்றார். பலி ஆட்டுக்கு மாலை போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஏதென்ஸ் மட்டும் யோக்கியமா என்றால் அதுவுமில்லை. பாரசீகரைத் தடுப்பதற்கென்று கூட்டாளி ஊர்கள் கொடுத்த பணம் டெலோஸ் தீவில் அப்பாலோ கோவிலில் இருந்தது. கி. மு. 454ல் அதை ஏதென்ஸுக்குக் கொண்டுவந்து, அறுபதில் ஒரு பங்கை அத்தீனா அம்மனுக்கென்று எடுத்துவைத்தார்கள். கொடுக்க மறுத்த ஊர்மேல் கப்பல் போகும். கி. மு. 416ல் மேலோஸ் என்ற சிறு தீவு, "நாங்கள் நியாயத்தின் பக்கம், தெய்வம் கைவிடாது" என்றது. "தெய்வம் எங்களையுந்தான் கைவிடாது, வலுத்தவன் ஆளுவது தெய்வத்துக்கும் சம்மதம்" என்ற கருத்தில் ஏதென்ஸ் தூதர்கள் பதில் சொன்னார்கள். ஆண்கள் வெட்டப்பட்டார்கள், பெண்களும் பிள்ளைகளும் விற்கப்பட்டார்கள். தெய்வத்தை நம்பின மேலோஸ் அழிந்தது.

சந்திரகிரகணமும் கல்குழியும்

ஆனால் அந்தத் தெய்வபயம் ஏதென்ஸையே விழுங்கின கதைதான் எல்லாவற்றிலும் பெரியது. நிகியாஸ் என்ற தளபதி மகா பக்திமான், வெகு பணக்காரன். லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் 1,000 அடிமைகளை, ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு காசு வீதம் வாடகைக்கு விட்டிருந்தவன். அந்தப் பக்தி இந்த வாடகைக்குக் குறுக்கே வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கி. மு. 413ல் சிசிலித் தீவில் சிரக்யூஸ் பட்டணத்தை முற்றுகை போட்டிருந்த ஏதென்ஸ் சேனை நோயாலும் தோல்வியாலும் இளைத்துப்போய், இரகசியமாகக் கப்பலேறித் தப்பித்துவிடுவது என்று தீர்மானித்தது. எல்லாம் தயார். புறப்படுகிற சமயம் ஆகஸ்டு 27ந் தேதி இரவு சந்திரகிரகணம் பிடித்தது. குறிகாரர்கள், மும்முறை ஒன்பது நாள், அதாவது 27 நாள், பொறுக்க வேண்டும் என்றார்கள். அதுவரையில் பேச்சே எடுக்கக்கூடாது என்று நிகியாஸ் சொல்லிவிட்டான். சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோரும் அதையே சொன்னார்கள். விரோதிகளுக்குக் கிரகணம் தடையாயில்லை; அவர்கள் துறைமுக வாயை அடைத்து, கப்பல்களைத் தோற்கடித்தார்கள். தரை வழியாக ஓடின சேனை 40,000 பேர் என்பது தூசிடிடீஸ் கணக்கு. வழியெல்லாம் வெட்டுண்டு, மிஞ்சினவர்களில் 7,000 பேருக்குக் குறையாமல் கல்வெட்டுக் குழிகளில் அடைக்கப்பட்டார்கள். பகலில் வெயில், இரவில் குளிர். நாள் ஒன்றுக்குக் கால் லிட்டர் தண்ணீரும் அரை லிட்டர் தானியமும். செத்தவர்கள் பிணம் உயிரோடிருப்பவர்கள் பக்கத்திலேயே. நிகியாஸின் கழுத்தும் அறுபட்டது.

தோழர்களே! கிரகணம் என்பது பூமியின் நிழல் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது, பாவம், என்று இரக்கப்பட்டுவிடாதீர்கள். தெரிந்த மனிதன் ஒருவன் அதே ஏதென்ஸில் பல வருஷம் வாழ்ந்தான். அவன் பெயர் அனக்சகோரஸ். சந்திரனுக்குச் சொந்த ஒளியில்லை, சூரியனிடமிருந்து வருகிறது என்றும், அது மறைவதற்குக் காரணம் இன்னது என்றும் அவன் எழுதிவைத்தான். சூரியன் தெய்வமல்ல, பழுக்கக் காய்ந்த பெரிய கல் என்றும் சொன்னான். அதற்கு ஏதென்ஸ் கொடுத்த சன்மானம் என்ன? தெய்வ நிந்தனை என்று வழக்கு! பெரிக்கிளீஸின் தயவால் உயிர் தப்பி அன்னிய ஊரில் போய்ச் செத்தான். அவனுடைய எழுத்து பயந்து பயந்து ஒரு சிலருக்குள் மாத்திரம் நடமாடியது என்று புளூட்டார்க் சொல்லுகின்றார். தெரிந்தவனை ஊரை விட்டு விரட்டினார்கள், தெரியாதவனைத் தளபதியாக்கினார்கள், அந்தக் கணக்கின் வட்டியைத்தான் 7,000 பேர் கல்குழியில் கட்டினார்கள்.

தோல்விச் செய்தி ஊருக்கு வந்ததும் ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஜெயிப்போம் என்று குறி சொன்னவர்கள்மேல் கோபித்துக்கொண்டார்கள். கை தூக்கி ஓட்டுக் கொடுத்தவர்கள் தாங்களே என்பதை மறந்துவிட்டார்கள்.

கடைசிக் கணக்கு

நிற்க. கிரேக்கர் சண்டைகளுக்கெல்லாம் சாமியே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. பேராசையும், பயமும், பெருமையுமே காரணம். ஆனால் பேராசைக்குப் போர்வையாகவும், பயத்துக்குச் சாக்காகவும், பெருமைக்குப் பட்டமாகவும் தெய்வம் உதவிற்றேயன்றி, ஒரு தடவையாவது வெட்ட ஓங்கின கையைப் பிடித்து நிறுத்தினதா என்பதுதான் நமது கேள்வி.

கையைப் பிடித்து நிறுத்தின சம்பவம் ஒன்று உண்டு. கி. மு. 427ல் மிட்டிலீன் என்ற ஊர் கலகம் செய்து தோற்றது. அந்த ஊர் ஆண்கள் எல்லோரையும் கொல்லும்படி ஏதென்ஸ் சபை கோபத்தில் தீர்மானித்துக் கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் ஜனங்களுக்கு மனம் உறுத்தி மறுபடியும் சபை கூடிற்று. டியோடோட்டஸ் என்பவன் எழுந்து, குற்றமில்லாதவனையும் சேர்த்துக் கொல்லுவதால் நமக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் மாறியது. இரண்டாவது கப்பல் புறப்பட்டது. துடுப்புப் போடுகிறவர்கள் துடுப்பை விடாமலே மாவும் ஒயினும் சாப்பிட்டு, முறைபோட்டுத் தூங்கி, கொலை நடக்கிற தருணத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கலகத் தலைவர்கள் என்று ஆயிரம் பேருக்கு மேல் கொன்றது கொன்றதுதான். ஆனாலும் ஊர் பிழைத்தது. இதில் குறி கேட்கவில்லை, ஈரல் பார்க்கவில்லை. மறுபடியும் யோசித்த மனமும், எழுந்து பேசின வாயும், வேர்வை சிந்தின கையுமே ஊரைக் காப்பாற்றின.

தெய்வத்தின் பேரால் நடந்த கடைசிச் சண்டைகளின் பலனையும் பாருங்கள். டெல்பி சாமியின் நிலத்தை உழுதார்கள் என்று கி. மு. 356ல் ஒரு புண்ணிய யுத்தம் பத்து வருஷம் நடந்தது. சாமியின் பொக்கிஷத்தை எடுத்தே ஒரு கட்சி கூலிப்படை வைத்தது. சாமிக்காகப் பழிவாங்க வந்தேன் என்று மாசிடோனியா ராஜா பிலிப் தன் சிப்பாய்கள் தலையில் அப்பாலோவின் இலை மாலையைச் சூட்டிக் கொண்டுவந்து உள்ளே நுழைந்தான். கி. மு. 339ல் மறுபடியும் சாமி நிலம் என்ற சண்டை. மறுபடியும் பிலிப்பையே சாமியின் சேனாபதியாகக் கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் கி. மு. 338ல் கேரோனியாவில் ஏதென்ஸையும் தீப்ஸையும் சேர்த்து அவன் முறியடித்தான். கி. மு. 335ல் அவன் மகன் அலெக்ஸாண்டர் தீப்ஸ் பட்டணத்தைத் தரைமட்டமாக்கி, மிஞ்சினவர்களை அடிமைகளாக விற்றான். சாமிக்கு நாலு காணி நிலம் மிஞ்சிற்று. கிரேக்கர்களுக்குச் சுதந்திரம் மிஞ்சவில்லை.

ஆகவே, சத்தியத்துக்குத் தெய்வம் காவல் என்று சொல்லுகிறவர்களை நாம் கேட்பது இதுதான். பிளாட்டேயாவைக் காத்ததா? மேலோஸைக் காத்ததா? மாலை போட்ட 2,000 ஹெலாட்டுகளைக் காத்ததா? கிரகணத்துக்குப் பயந்து காத்திருந்த பக்திமானையாவது காத்ததா? ஒன்றையுமில்லை என்றால், சொன்ன சொல்லைக் காப்பாற்ற மனிதன் தேடவேண்டியது வேறு காவல். அது எதிரே நிற்பவனும் தன்னைப்போல் மனிதன் என்கிற உணர்ச்சியும், நேற்றுச் செய்த தப்பை இன்று திருத்திக்கொள்ள வெட்கப்படாத அறிவுமேயாகும். மிட்டிலீனுக்குப் போன இரண்டாவது கப்பலில் ஏறியிருந்தவை அவை இரண்டுந்தான்.